ஒரு சமக்குறி, ஒரு புள்ளி... சாஃப்ட்வேருக்கும் வில்லங்கம் பார்க்கலாம்!

வீட்டுமனை வாங்கப் போகிறவர் முதலில் என்ன செய்வார்? முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். யார் யாருக்கு விற்றார்கள், எந்த வருஷம், நடுவில் அடமானம் ஏதும் இருக்கிறதா, தாய்ப்பத்திரம் யார் கையில் இருக்கிறது... எல்லாம் சரி என்றால்தான் அட்வான்ஸ். இப்போது அதற்குப் பத்திர ஆபீஸ் வாசலில் காத்திருக்கக்கூட வேண்டியதில்லை. பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அதே மனிதர் தன் பேங்க் கணக்கு, குழந்தைகளின் போட்டோ, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என அத்தனையையும் போனுக்குள் வைத்திருப்பார். அந்த போனுக்குள் ஓடும் சாஃப்ட்வேரை யார் எழுதினார்கள், யார் எப்போது திருத்தினார்கள் என்று ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். கேட்டால் பதில் கிடைக்கும் என்பதே பலருக்குத் தெரியாது.

எல்லா சாஃப்ட்வேருக்கும் கிடைக்காதுதான். பேங்க் ஆப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பேங்க் சொல்லாது. ஆனால், ஆண்ட்ராய்டு போனுக்கு அஸ்திவாரமாக இருக்கும் லினக்ஸ் கெர்னல் திறந்த புத்தகம். இணையத்தைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பகுதியும் அதில்தான் ஓடுகிறது. இப்படிப்பட்ட ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்களின் சோர்ஸ் கோட், அதாவது புரோகிராமர்கள் கைப்பட எழுதிய மூல வரிகள், 'ரெப்பாசிட்டரி' என்ற களஞ்சியத்தில் இருக்கும். செல்லமாக ரெப்போ. அதில் ஒரு வரியை மாற்றினால் பழைய வரி அழிந்துபோகாது. யார் மாற்றினார், எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன காரணம் என எல்லாம் சேர்ந்து ஒரு பதிவாக உட்கார்ந்துவிடும். அதற்குப் பெயர் கமிட்.

இந்தக் களஞ்சியத்தை சாதாரண பிரவுசரில் திறந்து காட்டுவதற்கென்றே சில வலைப்பக்கங்கள் இருக்கின்றன. கிட்ஹப் என்ற பெயரைக் காலேஜ் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கேட்டிருப்பீர்கள். அதற்கு முன்பே சிவிஎஸ்வெப், வியூவிசி, கிட்வெப், சிகிட் என்று ஒரு பரம்பரையே உண்டு. ஆண்ட்ராய்டின் கோடைக் காட்டும் கூகுளின் பக்கத்துக்குப் பெயர் கிட்டைல்ஸ்.

பார்க்க அழகாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கிட்வெப் பக்கம் ஒன்றைத் திறந்தால், மளிகைக் கடை நோட்டுபோல வரி வரியாக ஒரு பட்டியல். 'மூன்று மணி நேரம் முன்பு', 'இரண்டு வாரம் முன்பு' என்று ஒரு ஓரத்தில் நேரம். பக்கத்தில் ஒரு பெயர். அதற்கடுத்து என்ன செய்தார் என்று ஒற்றை வரி. அந்த வரியைத் தொட்டால் நீக்கிய வரிகள் சிவப்பிலும், சேர்த்த வரிகள் பச்சையிலும் விரியும். அவ்வளவுதான் மொத்த வித்தையும். ஆனால், இந்தச் சிவப்பு பச்சை கணக்கில் சில சமயம் பெரிய திருட்டே மாட்டியிருக்கிறது.

இரண்டு வரி, ஒரு சமக்குறி

2003 நவம்பர். லினக்ஸ் கெர்னலின் அசல் களஞ்சியம் அப்போது பிட்கீப்பர் என்ற சாஃப்ட்வேரில் இருந்தது. அது ஒரு தனியார் கம்பெனியின் சரக்கு. அதைத் தொடவே மாட்டோம் என்று பிடிவாதமாக இருந்த புரோகிராமர்களும் உண்டு. அவர்களுக்காக அதே கோடின் நகல் ஒன்று, சிவிஎஸ் என்ற பழைய முறையில், தனியாக ஒரு சர்வரில் வைக்கப்பட்டிருந்தது. யாரோ அந்த நகல் சர்வருக்குள் புகுந்து இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டார்கள்.

லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு எண் உண்டு. 0 என்ற எண் 'ரூட்' என்பவருடையது. வீட்டின் எல்லா அறைச் சாவியும் வைத்திருப்பவர் அவர். சேர்க்கப்பட்ட வரிகளை மேலோட்டமாகப் படித்தால், 'இன்னின்ன விருப்பங்களோடு ஒருவர் வந்து, அவருடைய எண் 0 ஆகவும் இருந்தால், பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பு' என்பதுபோலத் தெரியும். காவல்காரன் வேலை செய்யும் நல்ல பிள்ளை வரி.

விஷயம் ஒரு குறியில் இருந்தது. சி மொழியில் இரண்டு பொருள்கள் சமமா என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டும்: ==. ஒரே ஒரு சமக்குறி (=) போட்டால் அது கேள்வி இல்லை, கட்டளை. 'இவர் எண் 0-வா?' என்று கேட்க வேண்டிய இடத்தில், 'இவர் எண்ணை 0 ஆக்கு' என்று எழுதியிருந்தது. அந்த விருப்பங்களைச் சரியாகக் கொடுக்கத் தெரிந்த எவரும் நொடியில் ரூட் ஆகிவிடலாம். கைத்தவறு என்று நினைக்கவைக்கும் தந்திரம். சி மொழி படிக்கும் மாணவர்கள் வாரத்துக்கு ஒருமுறை செய்யும் தவறுதான் இது.

மாட்டியது எப்படி? நகலில் இருக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், அசலில் அது எந்தப் பதிவு என்ற குறிப்பு இருக்க வேண்டும். இந்த இரண்டு வரிக்கு அப்படி எதுவும் இல்லை. அசலையும் நகலையும் ஒப்பிடும் வழக்கமான சோதனையில் அது உறுத்தியது. பிட்கீப்பரை உருவாக்கிய லாரி மெக்வாய் விஷயத்தைக் கெர்னல் குழுவுக்குச் சொன்னார். தாய்ப்பத்திரம் இல்லாத பத்திரம் என்றால் நம் ஊர் பத்திர எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிப்பார் இல்லையா, அதேதான். அசல் களஞ்சியத்துக்கு அந்த வரிகள் போகவே இல்லை. செய்தது யார் என்பது மட்டும் இன்றுவரை வெளியே வரவில்லை.

வெளியே நின்றவர் திறந்த கதவு

கோடை ஊருக்கே திறந்து காட்டுவது என்பது ஆதியிலிருந்து இருந்த வழக்கமில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இலவச சாஃப்ட்வேர் என்றாலும் வெளியாட்களுக்குக் கிடைத்தது முடிந்த மூட்டை மட்டும்தான். உள்ளே என்ன நடக்கிறது, நேற்று யார் எதைத் திருத்தினார் என்பது குழுவில் இருக்கும் சிலருக்கே தெரியும்.

தியோ டி ராட் என்பவர் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளக் குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவர். 1994 டிசம்பரில் மையக் குழுவிலிருந்து விலகும்படி அவரிடம் சொல்லப்பட்டது. களஞ்சியத்துக்குள் நுழையும் உரிமையும் போயிற்று. தான் எழுதிய கோடின் கதவு தனக்கே சாத்தப்பட்டால் எப்படி இருக்கும்! மறு வருஷம் ஓப்பன்பிஎஸ்டி என்று சொந்தமாக ஒன்றைத் தொடங்கினார். அதில் சக் கிரேனர் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த ஏற்பாடு, பெயர் ஊர் எதுவும் சொல்லாமல் யார் வேண்டுமானாலும் களஞ்சியத்தை வந்து பார்க்கலாம் என்பது. எழுதத்தான் அனுமதி வேண்டும், பார்க்க வேண்டாம். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரிகிறது. அன்றைக்கு, சமையலறைக் கதவைத் திறந்துவைத்து ஹோட்டல் நடத்துவது மாதிரி.

அதையும் பார்க்கத் தனி மென்பொருள், கட்டளைகள் எல்லாம் தேவைப்பட்டன. பிரவுசரிலேயே பார்க்கலாம் என்றாக்கியது சிவிஎஸ்வெப். ஃப்ரீபிஎஸ்டி திட்டத்துக்காக பில் ஃபென்னர் எழுதிய பெர்ல் புரோகிராம் அது. 2005 ஏப்ரலில் லினக்ஸ் குழுவுக்கு பிட்கீப்பர் இலவசமாகக் கிடைப்பது நின்றுபோக, லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களில் 'கிட்' என்ற சொந்த முறையை எழுதினார். அதே வருஷம் கே சீவர்ஸ் அதற்கு ஒரு ஜன்னல் செய்தார். அதுதான் கிட்வெப். 2008-ல் கிட்ஹப் வந்தது. 2018-ல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. ஜன்னலுக்கு அவ்வளவு விலை!

இந்தப் பக்கங்களில் ஒரு பட்டனுக்குப் பெயர் 'பிளேம்'. பழி என்று அர்த்தம். அதைத் தொட்டால் கோடின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், கடைசியாக அதைத் தொட்டவர் பெயர் வந்து நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்கு சாஃப்ட்வேர் படுத்துவிட்டால், இந்தப் பட்டனைத்தான் பலரும் தேடுவார்கள். தேடி, அங்கே தன் பெயரையே பார்த்தவர்கள் எக்கச்சக்கம். சப்வெர்ஷன் என்ற முறையை எழுதியவர்கள் கொஞ்சம் நல்ல மனசுக்காரர்கள். அதே கட்டளைக்கு 'பிரெய்ஸ்', அதாவது புகழ், என்று மாற்றுப்பெயரும் வைத்திருக்கிறார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் வேலை ஒன்றுதான்.

சும்மா வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கும் இங்கே தீனி உண்டு. 1969-ல் நிலவில் இறங்கிய அப்போலோ 11-ன் கம்ப்யூட்டர் கோட் கிட்ஹப்பில் இருக்கிறது. பழைய அச்சுத் தாள்களைப் பார்த்து, தன்னார்வலர்கள் உட்கார்ந்து டைப் செய்தது. ராக்கெட் எஞ்சினைப் பற்றவைக்கும் பகுதிக்கு 'பர்ன் பேபி பர்ன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இறங்கும் பகுதியில் ஒரு இடத்தில், 'இது தற்காலிகம்தான், அப்படித்தான் நம்புகிறேன், நம்புகிறேன், நம்புகிறேன்' என்ற பொருளில் ஒரு குறிப்பு. அந்தத் தற்காலிக வரிகளோடுதான் மனிதன் நிலவில் இறங்கினான். அப்போலோ 13-ல் ஆக்சிஜன் டேங்க் வெடித்ததே, அதை ஒரு வாடிக்கையாளர் புகார்போல எழுதி, இதைச் சரிசெய்யக் கூடாதா என்று கேட்ட குறும்புக்காரரும் உண்டு.

தமிழும் இந்தக் களஞ்சியங்களுக்குள் இருக்கிறது. லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஓடும் கினோம் போன்ற திட்டங்களில் எந்த ரெப்போவைத் திறந்தாலும் 'பிஓ' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் மொழிக்கு ஒரு ஃபைல். 'டிஏ' என்ற இரண்டெழுத்தில் தொடங்குவது தமிழுடையது. மேலே ஒரு ஆங்கில வரி, கீழே அதற்கான தமிழ் வரி என்று நூற்றுக்கணக்கில் ஓடும். 'ஃபைல்' என்ற சொல்லுக்குக் 'கோப்பு' என்று திரையில் பார்க்கிறோமே, அதெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்து அனுப்பியதுதான். ஃபைலின் தலைப்பகுதியில் கடைசியாக மொழிபெயர்த்தவரின் பெயரும் தேதியும் இருக்கும். பெரும்பாலும் சம்பளம் இல்லாத வேலை. பெயர் தெரிய வேண்டுமென்றால் அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். வேறெங்கும் அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

அரை நொடி தாமதம்

2024-ல் நடந்தது 2003-ஐவிடப் பயங்கரம். எக்ஸ்இசட் என்பது ஃபைல்களைச் சுருக்கும் ஒரு சின்ன சாஃப்ட்வேர். சின்னதுதான், ஆனால் லினக்ஸ் இருக்கும் இடமெல்லாம் அதுவும் இருக்கும். லாசே காலின் என்ற பின்லாந்துக்காரர் பல வருஷமாக அதைக் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டார். பொழுதுபோக்காக, காசு வாங்காமல். 2022-ல் யார் யாரோ புதுப்புது பெயர்களில் வந்து 'ஏன் இவ்வளவு மெதுவாக வேலை நடக்கிறது, வேறு ஆளைச் சேருங்கள்' என்று அவரை நச்சரித்தார்கள். கைகொடுக்கத் தயாராக ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். 'ஜியா டான்' என்ற பெயர். ஒழுங்காக வேலை செய்தார், பொறுமையாகப் பேசினார். மெள்ள மெள்ளச் சாவி அவர் கைக்குப் போனது.

2024 பிப்ரவரியில் வந்த புதிய பதிப்பில் ரகசியக் கதவு ஒன்று இருந்தது. அது வெளிவந்தது ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினீயரால். சர்வருக்குள் லாகின் செய்ய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைப் பார்த்தார். வேறொருவராக இருந்தால் டீ குடிக்கப் போயிருப்பார். இவர் விடாமல் தோண்டினார். மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். பெரும்பாலான சர்வர்களில் இருக்கும் நிலையான லினக்ஸ் பதிப்புகளுக்கு விஷம் போய்ச் சேருவதற்கு முன்பே தடுத்தாயிற்று.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். களஞ்சியத்தின் ஜன்னல் இந்த முறை முழுதாகக் காட்டிக்கொடுக்கவில்லை. விஷம், சோதனைக்கான ஃபைல்கள் என்ற பெயரில் உள்ளேயே கிடந்தது. ஆனால், அதை எழுப்பிவிடும் வரிகள் களஞ்சியத்தில் இல்லை. ஊருக்கு விநியோகிக்கும் மூட்டையில் மட்டும் சேர்த்திருந்தார்கள். சோற்றுப் பானையைத் திறந்து காட்டிவிட்டு, பரிமாறும்போது இலையில் வேறொன்றை வைத்த மாதிரி. ஜன்னல் இருக்கிறது, ஆயிரம் கண்கள் பார்க்கின்றன என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இது நல்ல அடி.

விஷயம் வெளிவந்ததும் எல்லோரும் ஓடிய இடமும் அதே ஜன்னல்தான். அந்த ஆள் கைவைத்த ஒவ்வொரு கமிட்டையும் ஆளாளுக்குப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்கள். கமிட் நேரங்களைக்கூட விடவில்லை. பெரும்பாலும் சீன நேரமான +0800 என்று இருக்க, சிலவற்றில் மட்டும் கிழக்கு ஐரோப்பாப் பக்கத்து +0200, +0300 எட்டிப்பார்த்தது. அந்தச் சமயம் பார்த்து கிட்ஹப் அந்த ரெப்போவையே மூடிவிட்டது. லாசே காலினின் கணக்கும் முடங்கியது. விஷம் பரவக் கூடாது என்ற அவர்கள் பயம் புரிகிறது. ஆனால், துப்பறிய வேண்டிய வீட்டைப் பூட்டி சீல் வைத்துவிட்டால் தடயத்தை எங்கே போய்த் தேடுவது? நல்லவேளை, லாசே காலின் தன் சொந்த முகவரியில் பழைய பாணி கிட்வெப் ஒன்று வைத்திருந்தார். மொட்டைப் பக்கம், மளிகை நோட்டு முகம். அது திறந்தே இருந்தது. சில நாட்கள் கழித்துத்தான் கிட்ஹப் பக்கம் திரும்ப வந்தது.

அப்படித் தேடியதில் கிடைத்தவற்றில் ஒன்று, ஒரு புள்ளி. லேண்ட்லாக் என்பது லினக்ஸில் ஒரு பாதுகாப்பு வேலி. புரோகிராம் தன் எல்லையைத் தாண்டாமல் கட்டிப்போடும். இந்த வசதி கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று எக்ஸ்இசட் முதலில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கும். அந்தச் சோதனை வரிகளுக்கு நடுவே, தனி வரியில், ஒரு முற்றுப்புள்ளி சேர்க்கப்பட்டிருந்தது. புள்ளி இருந்தால் சோதனை கம்பைல் ஆகாது. ஆகாவிட்டால் 'இங்கே அந்த வசதி இல்லை' என்று எடுத்துக்கொண்டு வேலி போடாமலேயே போய்விடும். கமிட்டுக்கு எழுதியிருந்த காரணம், லேண்ட்லாக் சோதனையைச் சரிசெய்கிறேன் என்பது! ஒரு மாதமாக அந்தப் புள்ளி பச்சை நிறத்தில் எல்லோருக்கும் தெரியும்படிதான் இருந்தது. போன் திரையில் பார்த்தால் தூசி என்று துடைத்துவிடுவீர்கள்.

ஜன்னலில் முட்டும் கூட்டம்

இப்போது இந்த ஜன்னல்களுக்கு வந்திருப்பது வேறு வகைப் பிரச்சினை. ஏஐ மாடல்களுக்குப் பாடம் புகட்ட இணையத்தையே வாரிக்கொண்டு போகும் தானியங்கி புரோகிராம்கள், கிராலர்கள், களஞ்சியப் பக்கங்களைப் போட்டு மொய்க்கின்றன.

சாதாரண செய்திப் பக்கத்தைப் பத்தாயிரம் பேர் திறந்தாலும் அது எழுதிவைத்த ஒரே பக்கம். களஞ்சியப் பக்கம் அப்படியில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் சர்வர் கணக்குப் போட்டுச் செய்து தரும். ஆர்டர் கொடுத்தபின் தோசை ஊற்றுகிற கதை. அதிலும் பிளேம் பக்கம் நெய் ரோஸ்ட், அந்த ஃபைலின் மொத்த வரலாற்றையும் பின்னோக்கி நடந்து பார்க்க வேண்டும். லினக்ஸ் கெர்னலில் பத்து லட்சத்துக்கும் மேல் கமிட்டுகள். ஒவ்வொரு கமிட்டின்போதும் ஒவ்வொரு ஃபைலும் எப்படி இருந்தது என்பதற்கெல்லாம் தனித்தனி முகவரி உண்டு. மனிதர்கள் அதில் நாலைந்தைப் பார்ப்பார்கள். கிராலர் அத்தனையையும் கேட்கும். நாளைக்கு வந்து மறுபடியும் கேட்கும்.

சோர்ஸ்ஹட் என்ற சிறிய நிறுவனத்தை நடத்தும் ட்ரூ டிவால்ட், 2025 மார்ச்சில் மனம் வெறுத்து எழுதினார். வாரத்தில் தன் வேலை நேரத்தில் 20 முதல் 100 சதவிகிதம் வரை இந்தக் கிராலர்களை விரட்டுவதிலேயே போகிறது என்றார். 'இங்கே வராதே' என்று எழுதிவைத்த அறிவிப்பை அவை மதிப்பதில்லை. ஆயிரக்கணக்கான வெவ்வேறு முகவரிகளிலிருந்து, சாதாரண பிரவுசர் வேஷத்தில் வருகின்றன. கினோம் திட்டத்தின் களஞ்சியத் தளத்தில் ஒருமுறை இரண்டரை மணி நேரத்தில் சுமார் 81 ஆயிரம் கோரிக்கைகள் வந்தன. அவற்றில் சோதனையைத் தாண்டி உள்ளே போனவை சுமார் 3 சதவிகிதம்.

அந்தச் சோதனைக்குப் பெயர் அனுபிஸ். செத்தவர்களின் இதயத்தைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் எகிப்தியக் கடவுளின் பெயர். தன் சொந்தக் களஞ்சிய சர்வரை ஒரு கிராலர் மூழ்கடித்தபோது சே இயாசோ என்ற புரோகிராமர் 2025 ஜனவரியில் எழுதியது. பக்கத்தைக் கேட்கும் பிரவுசருக்கு முதலில் ஒரு கணக்கைக் கொடுக்கும். போட்டுவிட்டு வந்தால் உள்ளே விடும். ஒருவருக்கு ஒரு கணக்கு என்றால் பெரிய சுமையில்லை. லட்சம் பக்கம் கேட்பவருக்கு லட்சம் கணக்கு. நியாயமான டோல்கேட்தான்.

ஆனால், புது போன் வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு கண் சிமிட்டும் நேரம். நான்கு வருஷம் ஓடிய பட்ஜெட் போனில் திரை அப்படியே நிற்கும், போன் சுடும். ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைத்திருப்பவருக்குக் கதவே திறக்காது. பாரமான பக்கங்களை லாகின் செய்தவர்களுக்கு மட்டும் காட்டு என்று சொல்லும் வசதியும் சில மென்பொருள்களில் வந்துவிட்டது. பெயர் ஊர் சொல்லாமல் யாரும் பார்க்கலாம் என்று முப்பது வருஷத்துக்கு முன் திறந்த கதவில், 'நீ யார்?' என்ற கேள்வி மறுபடி வந்து நிற்கிறது. சொந்தக் காசில் சர்வர் நடத்துகிறவர்களைக் குறைசொல்ல வழியில்லை. கரண்ட் பில் அவர்களுக்குத்தானே வருகிறது.

இப்போதைக்குப் பெரும்பாலான ஜன்னல்கள் திறந்தே இருக்கின்றன. எக்ஸ்இசட்டின் கிட்வெப் பக்கத்தையும் பார்க்கலாம். 2024 மார்ச் கடைசியில் லாசே காலின் செய்த திருத்தம் ஒன்று அங்கே இருக்கிறது. திறந்தால், ஒரு வரி நீக்கப்பட்டதாகக் காட்டும். அந்த வரியில் ஒரு புள்ளி மட்டும்.